உறுதிக்காரியின் நம்பர்

கல்முனை பிரதான வீதியில் அப்துல் கபூர் ஹாஜியாரின் கடைக்கு இருபது வருடத்தில் நாலு பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. முதலாவது, ‘கபூர் கொமினிகேஷன்’. கட்டாருக்கும் சவூதிக்கும் போன மகன்மாருடன் கதைக்க உம்மாமார் வரிசையில் நின்ற காலம் அது. எல்லார் கையிலும் போன் வந்ததும் வரிசை கலைந்தது. இரண்டாவது பலகையில் ‘போட்டோக்கொப்பி, டைப்செட்டிங், பாஸ்போட் போம்’ என்று இடமில்லாமல் எழுதினார்கள். அதற்குப் பிறகு ‘கபூர் கொம்பியூட்டர்ஸ்’. கடைகளுக்கு பில் மிசின் விற்பது, கமரா பூட்டுவது, கெட்டதைத் திருத்துவது. இப்போது தொங்கும் நாலாவது பலகையில் இரண்டே சொல்தான்: ‘கபூர் டெக்’. சொல் குறையக் குறைய வருமானம் கூடும் என்று ஹாஜியாரின் மகள் ஹுஸ்னியா எங்கேயோ படித்திருக்க வேண்டும்.

இந்த நாலு பலகைக்கும் கீழே மாறாமல் உட்கார்ந்திருந்தவள் ஸுல்பிகா. பத்தொன்பது வயதில் டெலிபோன் பெட்டியின் நிமிடம் பார்க்க வந்தவள், இப்போது முப்பத்தொன்பது. பில் மிசினில் தாள் சிக்கினாலும், கமராவில் படம் வராவிட்டாலும், கல்முனையிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் கடைக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவாள். அவளுடைய மாதச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. புருஷன் றுமைஸ் விவசாயி. வயல் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும், அதுவும் யானை வராவிட்டால்.

ஹுஸ்னியா மலேசியாவில் படித்துவிட்டு வந்தவள். வந்த வேகத்தில் வாப்பாவைக் கதிரையில் இருத்தி, கணக்கை விரித்துக் காட்டினாள். மறுநாள் ஸுல்பிகாவையும் கூப்பிட்டாள். அக்கா முறை வைத்து ராத்தா என்பாள்.

“ராத்தா, ஒரு போட்டோக்கொப்பியில தாளும் மையும் கரண்டும் போக என்ன மிஞ்சிது? பில் மிசின் இப்ப தெருவுக்குத் தெரு விக்கிறாங்க. கமராவும் அப்படித்தான். எல்லாரும் செய்றத நாமளும் செஞ்சா, எல்லாருக்கும் கிடைக்கிறதுதான் நமக்கும் கிடைக்கும். மற்றவனுக்கு ஏலாததச் செய்யணும்.”

மற்றவனுக்கு ஏலாத அந்தக் காரியம் என்ன? வெளிநாட்டுக்கு அரிசி அனுப்பும் கொழும்புக் கம்பெனி ஒன்று, தான் வாங்கும் ஒவ்வொரு மூடையும் எந்த வயலில் விளைந்தது, அந்தக் காணி யாருடையது என்று கேட்டது. காணிக்காரரின் ஒப்பமும் வேண்டுமாம். அதைக் காட்டும் மில்லுக்கு விலை அதிகம். லொறி தராசில் ஏறியதும் வயல், பேர், பாரம், ஈரம் எல்லாம் தானாகப் பதிந்து, காணிக்காரரின் போனுக்கு ஒரு மெசேஜும் போகும் ஒரு ஏற்பாட்டை ஹுஸ்னியா செய்யப்போகிறாள். காரைதீவுப் பிள்ளை ஜீவராஜ் அதை எழுதிக்கொண்டிருந்தான். முதல் வாடிக்கை சவளக்கடைப் பக்கம் மில் வைத்திருக்கும் கச்சிமுகம்மது முதலாளி. இன்னும் இரண்டு மில்காரர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப எண்ட கவுண்டர்?” என்று ஸுல்பிகா கேட்டாள்.

“இந்தப் போகம் இது சரிவந்தா, கவுண்டர மூடுறதுதான் ராத்தா. உங்களுக்கு மறுகா என்ன வேலை எண்டு எனக்கு இன்னும் தெரியா. பொய் சொல்ல விருப்பமில்ல.”

ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஸுல்பிகாவுக்கு வந்தது. அடுத்த நாள், விவசாயிகளின் பதிவுப் படிவங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள், கொம்பியூட்டரில் ஏற்றச் சொல்லி. தன் கதிரையின் காலைத் தானே அறுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அறுநூறுக்கு மேல் படிவம். மில்லில் வைத்து ஆம்பிளைகள் நிரப்பியவை. நிலப் பத்திரத்தைக் கேட்கும் ‘காணி உறுதி யாருடைய பெயரில்’ என்ற இடத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் பெண்சாதியின் பேரை எழுதியிருந்தார்கள். இந்தக் கிழக்குக் கரையில் அது புதினமில்லை. வீடு பெண்ணுக்கு, வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் ஏறி, பெண்ணின் வயலை உழுவான். ஸுல்பிகாவின் வீடும் அப்படித்தான். வரிப்பத்தான்சேனையில் இருக்கும் மூன்று ஏக்கர் அவளுடைய உம்மா கொடுத்தது. இறக்காமத்திலிருந்து மாப்பிள்ளையாக வந்த றுமைஸ் பதினாலு வருடமாக அதைச் செய்கிறான்.

அடுத்த கட்டம், காணிக்காரரின் போன் நம்பர். அங்கே ஆம்பிளைகள் எல்லாரும் தங்கள் நம்பரையே போட்டிருந்தார்கள். இது ஸுல்பிகாவுக்குப் பிடிக்கவில்லை. பாஸ்போட் போம் நிரப்பிய காலத்தில் ஒரு பிள்ளையின் படிவத்தில் அவளுடைய உடன்பிறந்த காக்காவின் நம்பரைப் போட்டு, அது திரும்பி வந்து, அந்தப் பிள்ளை இரண்டுதரம் கொழும்புக்கு அலைந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம்: பேர் யாருடையதோ நம்பரும் அவருடையதாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தாள்.

“எண்ட நம்பரா? எண்ட நம்பர் என்னத்துக்குகா?” என்று அந்தப் பக்கம் கேட்பார்கள்.

“உறுதி உங்கட பேர்லதானே கிடக்கு? அப்ப நம்பரும் உங்கடதுதான்.”

மூன்று வாரத்தில் நானூறு பெண்களின் நம்பரும் ஏறிவிட்டது. இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. பிழையைத் திருத்தியதாகத்தான் நினைத்தாள்.

பெரும்போகம் வெட்டத் தொடங்கியது. கச்சிமுகம்மது முதலாளியின் தராசில் முதல் லொறி ஏறியபோது ஹுஸ்னியாவும் ஜீவராஜும் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள், கவுண்டரில் யாருக்கோ அடையாள அட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது ஸுல்பிகாவின் போன் சிணுங்கியது. அவளுடைய பேர், வரிப்பத்தான்சேனை வயல் வட்டை, எண்பத்தாறு மூடை.

பின்னேரம் றுமைஸ் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னான். “இந்தமுறை பரவாயில்ல. எழுபத்தெட்டு மூடை.”

ஸுல்பிகா தேத்தண்ணியை வைத்தாள். நெஞ்சுக்குள் எட்டு மூடை ஏறிக் குந்திவிட்டது. எட்டு மூடைக்கு என்ன அர்த்தம்? சீட்டா? சிநேகிதமா? வேறு எங்காவது ஒரு வீடா? பதினாலு வருடத்தில் எத்தனை எட்டு?

அதே கேள்வி அந்த வாரம் நானூறு வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. சில வீட்டில் சத்தமாக, சில வீட்டில் சோறு ஆறும் அளவுக்கு மௌனமாக. இரண்டாவது வாரம் கச்சிமுகம்மதுவின் மில் முற்றம் வெறிச்சோடியது. வீதிக்கு மற்றப் பக்கத்தில், துண்டில் பென்சிலால் எழுதிக் கொடுக்கும் பழைய மில்லில் லொறிகள் வளைவு வரைக்கும் நின்றன.

முதலாளி போன் எடுத்தார். அதைத் தூக்கியது ஸுல்பிகாதான்.

“இந்தா புள்ள, உங்கட சாமானெல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போகச் சொல்லு! முப்பது வருசமா எனக்கு நெல்லுத் தந்தவன் இப்ப எண்ட முகத்தையும் பாக்கானில்ல. கேட்டா, தராசு பிழையாம்.”

தராசு பிழை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பின்னே என்ன, ‘எட்டு மூடையை எங்கே வைத்தாய் என்று வீட்டில் கேட்டுவிட்டாள்’ என்று எந்த ஆம்பிளை மில் முற்றத்தில் நின்று சொல்வான்? பாவம் ஜீவராஜ். தராசை மூன்றுதரம் சரிபார்த்தான். ஈரம் பார்க்கும் கருவியை மாற்றினான். நெட்வேர்க் கம்பெனியோடு சண்டை பிடித்தான். படித்த பிள்ளை, கருவியில்தான் நோய் இருக்கும் என்று நம்பினான். அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

நோய் எங்கே என்று தெரிந்தவள் ஒருத்திதான். பெண்கள் அவளுக்குத்தான் போன் எடுத்தார்கள்.

“தங்கச்சி, அந்த மெசேஜ் நல்லம். அத நிப்பாட்டிராத,” என்று ஹாஜறா என்ற ஒருத்தி சொன்னாள். “கல்யாணம் முடிச்சி இருவத்தாறு வருசம். எண்ட வயல்ல எவ்வளவு விளையிது எண்டு இப்பதான் எனக்குத் தெரியும்.”

புதன்கிழமை ஹுஸ்னியா எல்லாரையும் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. மற்ற இரண்டு மில்காரரும் பின்வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் காரணம் தெரியாவிட்டால் இதை மூடிவிட்டு, பழையபடி பில் மிசினும் போட்டோக்கொப்பியும்தான் என்றாள்.

ஸுல்பிகாவுக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காமல் இரண்டு நாள் இருந்தால் போதும். கவுண்டர் இருக்கும், கதிரை இருக்கும், மூத்த மகளின் ட்யூஷன் இருக்கும். வாயைத் திறந்தால் முதலில் போவது தன் பேர்தான். நம்பரை மாற்றியவள் யார் என்று கேட்பார்கள். காரணம் தெரிந்த பிறகு ஏற்பாடு சரிவந்துவிடும், கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆகச் சும்மா இருப்பதுதான் புத்தி. அவளும் புத்தியாகத்தான் இருக்க நினைத்தாள்.

கெடுத்தது றுமைஸ். வியாழன் காலை, தானாகவே பேச்சை எடுத்தான்.

“சிறுபோகத்துக்கு நான் அந்த மில்லுக்குப் போகமாட்டன். தராசு சரியில்ல.”

“தராசு எண்பத்தாறு எண்டிச்சி. நீங்க எழுபத்தெட்டு எண்டீங்க. எது சரியில்ல?”

றுமைஸ் கையில் இருந்த பாண் துண்டைப் பீங்கானில் வைத்தான்.

“எட்டு மூடைய அரிசியாக்கி எண்ட உம்மாட வீட்டில இறக்கினன். ஒவ்வொரு போகமும்தான்.”

ஸுல்பிகாவுக்கு ஆறுதலும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “உங்கட உம்மாக்குக் குடுக்க நான் வேணாண்டு சொல்லுவனா? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன?”

“சொல்லிக் குடுத்தா அது உண்ட நெல்லு,” என்றான் அவன். “சொல்லாமக் குடுத்தாத்தான் அது எண்ட நெல்லு.”

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸுல்பிகா பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தச் சொல் கூடவே வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாருக்காக என்று தெரியாத ஒரு வெட்கம். கடைக்கு வந்ததும் கவுண்டரைத் திறக்காமல் நேரே ஹுஸ்னியாவின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நம்பர் மாற்றியது தான் என்பதையும் சொன்னாள். தன் வீட்டு எட்டு மூடையையும் ஒளிக்கவில்லை.

“நீங்களா செஞ்ச?” ஹுஸ்னியா எழும்பிவிட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே ராத்தா! கிழமைக்கணக்கா நாங்க தராசக் கழட்டிக் கழட்டிப் பூட்டுறம்!”

“பிழைதான். ஆனா நம்பர் சரி.”

ஜீவராஜ் தலையைச் சொறிந்தான். “மெடம், இது அஞ்சு நிமிச வேலை. நெல்லுக் கொண்டுவாறவர்ர நம்பருக்கு மாத்திவிட்டா முடிஞ்சிது.”

“மாத்து,” என்றாள் ஹுஸ்னியா.

“மாத்தினா அடுத்த போகம் ஒப்பம் வைக்கிற யாரு?” ஸுல்பிகா விடவில்லை. “கொழும்புக் கம்பெனி கேக்கிற காணிக்காரர்ர ஒப்பம். நானூறு பேரும் பொம்புளையள். இவ்வளவு நாளும் அவங்களுக்குத் தெரியா. இப்ப தெரியும். மெசேஜ நிப்பாட்டிப்போட்டு ஒப்பம் கேட்டா, தும்புத்தடியோட நிப்பாங்க.”

ஹுஸ்னியா கதிரையில் இருந்துவிட்டாள்.

“அப்ப என்ன செய்ற? ஆம்பிளையள் மில்லுக்கு வாறாங்களில்ல. பொம்புளையள விட ஏலா.”

“படிவத்தில காணிக்காரருக்குத்தான் இடம் கிடக்கு. அந்தக் காணியச் செய்றவருக்கு இடமில்ல,” என்றாள் ஸுல்பிகா. “மாப்புள கொண்டுவந்து இறக்கிறான், ஆனா அவன்ர பேர் எங்கயும் இல்ல. அவனுக்கும் ஒரு கட்டம் வைங்க. போகத்துக்கு இத்தன மூடை அவன்ர பேர்ல எண்டு புருசனும் பொஞ்சாதியும் முதலே கதைச்சி எழுதட்டும். தராசில ஏறினதும் ரெண்டு துண்டு வரட்டும். அவட மெசேஜ் அவக்கு, அவர்ர மெசேஜ் அவருக்கு. அவன்ர நெல்ல அவன் உம்மாக்குக் குடுத்தா என்ன, கடல்ல கொட்டினா என்ன?”

ஜீவராஜ் அதற்குள் ஒரு தாளில் கீறத் தொடங்கிவிட்டான். எழுதுவது லேசு என்றான். ஆனால் நானூறு வீட்டுக்கும் போன் எடுத்து, புருஷனுக்கு எத்தனை மூடை என்று யார் கேட்பது? அது வீட்டுக் கதை. கேட்பவர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சொல்லிவிட்டு அவன் ஸுல்பிகாவைப் பார்த்தான். ஹுஸ்னியாவும் பார்த்தாள்.

அந்த எண்கள் ஏறி முடியும் வரைக்கும் மில்லில் மெசேஜை நிறுத்திவைத்தார்கள். தராசைத் திருத்தியாகிவிட்டது என்று முதலாளி ஊருக்குள் ஒரு கதையை விட்டார். அது எல்லார் மானத்தையும் காப்பாற்றியது. லொறிகள் மெல்லத் திரும்பின. சொன்னபடி கவுண்டரையும் மூடினார்கள். போட்டோக்கொப்பி மிசினைச் சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஸுல்பிகாவுக்கு உள்ளறையில் ஒரு மேசையும், காதில் மாட்டும் கருவி ஒன்றும் கிடைத்தன. சம்பளம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஹுஸ்னியா கோபத்தை முழுதாக விடவில்லை. ஒரு மாதம் ராத்தா என்று கூப்பிடவில்லை. அது ஸுல்பிகாவுக்கு வலித்தது.

வேலையும் இனிப்பாக இருக்கவில்லை. “எண்ட உம்மா தந்த காணியில அவருக்கு என்னகா பங்கு?” என்று ஒருத்தி போனை அடித்து வைத்தாள். பாண்டிருப்பிலிருந்து புண்ணியமூர்த்தி என்ற பெரியவர், “எனக்கு ஒண்டும் வேணாம் பிள்ள, எல்லாம் அவவுக்கே எழுது” என்று சொல்லிவிட்டு, வைக்கப் போனவர் திரும்ப எடுத்து, “ரெண்டு மூடை போடு” என்றார். இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று முப்பது நாற்பது வீடு விலகிப்போனது. மற்றவர்கள் முணுமுணுத்து முணுமுணுத்து ஒரு எண்ணைச் சொன்னார்கள்.

எடுக்கும் போன் கோல் எல்லாம் பதிவாக வேண்டும், ஒரு பேரையும் தாண்டக் கூடாது, அலுவலகத்தார் வீடென்றாலும் போன் எடுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது ஜீவராஜ் வைத்த சட்டம். இருநூற்றுப் பன்னிரண்டாவது பேர் அவளுடையது. ஸுல்பிகா ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு நம்பரை அழுத்தினாள். அவன் எடுத்தபோது அயல் வயலில் வெட்டு மிசின் ஓடும் சத்தம் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும். கபூர் டெக்கில இருந்து கதைக்கிறன்.”

“என்னகா விளையாட்டு இது?”

“விளையாட்டில்ல, இது பதிவாகிற கோல். காணி உறுதி ஸுல்பிகாட பேர்ல. செய்கைக்காரர் றுமைஸ். செய்கைக்காரர்ர பங்குக்கு எத்தன மூடை எழுதுற?”

அவன் மிசின் சத்தத்தை விட்டு விலகி நடப்பது கேட்டது.

“எட்டு எண்டு எழுது.”

“எட்டு உங்கட உம்மாக்கு,” என்றாள் ஸுல்பிகா. “உங்களுக்கு?”

பதினாலு வருடமாக அந்த வயலை உழுகிறவனிடம் இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அவளும்தான். போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை, நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

“யோசிக்கணும்,” என்றான் கடைசியில்.

“யோசிங்க,” என்றாள் அவள். “நான் வைக்கமாட்டன்.”